ஹெட்போனுக்குள் ஒரு தனி அறை

மகள் லண்டனில் பள்ளிக்கூடம் சேர்ந்து ஏழாவது வாரம். பெற்றோர்கள் வந்து ஒரு மணி நேரம் வகுப்பறையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஆபீஸில் அரை நாள் லீவ் சொல்லிவிட்டுப் போனேன். தரையில் விரித்த கம்பளத்தில் இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டீச்சர் வாசித்துக்கொண்டிருந்த கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரமாக ஒரு சின்ன மேஜை. அதில் மூன்று பேர். ஒரு ருமேனியப் பையன், வீட்டில் சில்ஹெட்டி பேசும் ஒரு பெண், மூன்றாவது என் மகள். மூன்று பேர் காதிலும் ஹெட்போன், மூன்று பேர் முன்னாலும் டேப்லெட்.

பக்கத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன். திரையில் ஒரு சிறுமி, அவள் பக்கத்தில் ஒரு பையன். இவன் அவளுக்கு என்ன உறவு என்று நான்கு சொற்களில் ஒன்றைத் தொட வேண்டும். மகள் ஒரு பக்கத்து ஹெட்போனைத் தூக்கிவிட்டு என்னிடம் கேட்டாள்: "அப்பா, இது அண்ணனா தம்பியா?"

நியாயமான கேள்வி. படத்தில் இரண்டு பேரும் ஒரே உயரம். பேச்சுத் தமிழில் 'பிரதர்' என்று பொதுவாகச் சொல்வதற்கு ஒரு சொல் கிடையாது. மூத்தவனா இளையவனா என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. நான் யோசித்து முடிப்பதற்குள் திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த வட்டம் தீர்ந்து சிவப்பாகிவிட்டது. மென்பொருள் அதே சொல்லை இன்னும் மூன்று முறை வேறு வேறு படத்தோடு கேட்டது. சாயங்காலம் என் போனுக்கு ஒரு அறிக்கை வந்தது. குடும்ப உறவுச் சொற்களில் உங்கள் குழந்தைக்குக் கூடுதல் பயிற்சி தேவை.

சித்தி, பெரியம்மா, அத்தை, மாமி என்று நான்கு பேரையும் குழப்பாமல் கூப்பிடத் தெரிந்த பிள்ளை அவள். ஆங்கிலம் அந்த நான்கு பேரையும் ஒரே சொல்லில் அடைத்துவிடும். யாருக்குப் பயிற்சி தேவை என்று அன்றைக்கு ராத்திரி மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். இரண்டு நாள் கழித்துச் சிரிப்பு போய்விட்டது.

*

இங்கிலாந்துப் பள்ளிகளில் இந்தக் குழந்தைகளுக்கு ஒரு பெயர் உண்டு: ஈஏஎல். ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கொண்டவர்கள். பள்ளிக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 5 மாணவர்களில் ஒருவர் இந்தக் கணக்கில் வருகிறார். 'கூடுதல்' என்ற சொல்லை யாரோ யோசித்துத்தான் போட்டிருக்க வேண்டும். 'இரண்டாம் மொழி' என்றால் வரிசை வந்துவிடும். கூடுதல் என்றால் ஏற்கெனவே கையில் ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிற மாதிரி. ஆனால் அந்த ஒப்புதல் பெயரோடு நின்றுவிடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் புகார்.

'தனிப்பயன் கற்றல்' என்ற இன்னொரு சொல்லும் அங்கே பழசு. 2004இல் டேவிட் மிலிபேண்ட் பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தபோது அதை அரசாங்கத்தின் கொள்கைச் சொல்லாக ஆக்கினார். அப்போது அதற்கு ஆசிரியர், தனிக் கவனம், பெற்றோரோடு உரையாடல் என்றெல்லாம் விரிந்த அர்த்தம் இருந்தது. பதினைந்து வருடத்தில் அது சுருங்கிச் சுருங்கி, ஒரு டேப்லெட்டும் ஒரு லைசென்ஸும் என்று ஆகிவிட்டது.

இதில் நான் வெளியாள் இல்லை. என் வேலையே இதுதான். பள்ளிக்கூடத்துக்கு இல்லை, கடைக்கு. இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள் என்று ஒரு பட்டியல் வருமே, அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் கோடில் கொஞ்சம் நான் எழுதியது. அதனால் ஒரு விஷயம் தெரியும். 'உங்களுக்காக' என்று திரையில் வரும்போது அங்கே 'நீங்கள்' இல்லை. உங்களைப் போன்ற ஆயிரம் பேர் என்ன செய்தார்கள் என்பதன் சராசரி இருக்கிறது. சட்டை விற்பதற்கு அது போதும். தப்பான சட்டை வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

*

அந்த வகுப்பறை ஒரு மணி நேரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்ததால்தான் பின்னால் ஆட்ரி வாட்டர்ஸ் எழுதிய 'டீச்சிங் மெஷின்ஸ்' என்ற புத்தகத்தை வாங்கினேன். எம்ஐடி பிரஸ், 2021. தனிப்பயன் கற்றலின் வரலாறு என்பது அதன் துணைத்தலைப்பு. அதில் ஒரு காட்சியைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1953 நவம்பரில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், ஒரு தகப்பன் தன் மகளின் நான்காம் வகுப்புக்குப் பார்வையாளராகப் போகிறான். அப்பாக்களுக்கான நாள். கணக்குப் பாடம் நடக்கிறது. சிலர் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் திணறுகிறார்கள். தான் போட்டது சரியா தப்பா என்று யாருக்கும் அடுத்த நாள் வரை தெரியாது. அந்தத் தகப்பன் வீட்டுக்குப் போய் ஒரு இயந்திரம் செய்கிறான். அவன் பெயர் பி.எஃப். ஸ்கின்னர்.

நானும் ஒரு தகப்பன், பார்வையாளர் நாள், எனக்கும் இயந்திரம் செய்யத் தெரியும். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் நேரெதிராகப் பார்த்திருக்கிறோம். ஸ்கின்னருக்கு வகுப்பறையில் இருந்த மற்ற பிள்ளைகள் இடைஞ்சலாகத் தெரிந்தார்கள். தன் மகளின் வேகத்தை அவர்கள் கெடுக்கிறார்கள். எனக்கு, கம்பளத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகள்தான் பாடமாகத் தெரிந்தார்கள். என் மகளுக்கு அவர்கள்தான் கிடைக்கவில்லை.

வாட்டர்ஸின் புத்தகம் நல்ல புத்தகம். பள்ளிக்கூடம் நூறு வருடமாக மாறவே இல்லை, நாங்கள் வந்துதான் மாற்றப் போகிறோம் என்று கல்வித் தொழில்நுட்பக்காரர்கள் சொல்லும் கதையை அது பொறுமையாக உடைக்கிறது. 1920களிலேயே ஒஹாயோவில் சிட்னி பிரெஸ்ஸி என்ற உளவியலாளர் நான்கு விசை வைத்த ஒரு பெட்டியைச் செய்துவிட்டார். சரியான விசையை அமுக்கும் வரை அடுத்த கேள்விக்கு நகராது. ஸ்கின்னர் ஐபிஎம்மோடும் ரீம் என்ற கம்பெனியோடும் பேசிப் பேசி அலைந்த கதை, கடிதம் கடிதமாக விரிகிறது. ஸ்டார்ட்அப் நடத்துகிற நண்பர்கள் அந்த அத்தியாயங்களைப் படித்தால் தங்கள் இன்பாக்ஸைத் திறந்து பார்த்த மாதிரி இருக்கும்.

ஒரு சின்ன வேடிக்கையும் அதிலிருந்து புரிந்தது. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்வது ஸ்கின்னருக்குப் பிடிக்காது. தப்பான விடையைக் குழந்தையின் கண்ணிலேயே காட்டக் கூடாது, அது தானே எழுதிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. என் மகளின் டேப்லெட் பிரெஸ்ஸியின் நான்கு விசையை எடுத்துக்கொண்டு, ஸ்கின்னரிடமிருந்து உடனடிப் பரிசை மட்டும் எடுத்து, தங்க நட்சத்திரமாக ஆக்கியிருந்தது. இருவரின் மலிவான பாதிகள்.

புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதன் மையத்தில் இருப்பது கணக்கு போடும் குழந்தை. இன்னொரு மொழியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து உட்காரும் குழந்தை அதன் மையத்தில் இல்லை. இத்தனைக்கும் ஸ்கின்னர் பெட்டியின் விதி முடிவானதே மொழி விஷயத்தில்தான் என்று சொல்லலாம். 1957இல் அவர் 'வெர்பல் பிஹேவியர்' என்று ஒரு தடித்த புத்தகம் போட்டார். மொழியும் ஒரு பழக்கம்தான், தூண்டுதல், எதிர்வினை, பரிசு என்று புறா தானியம் கொத்தப் பழகுவதை விளக்கிய அதே சாமான்களால் பேச்சையும் விளக்கிவிடலாம் என்றார். 1959இல் நோம் சாம்ஸ்கி எழுதிய மதிப்புரை அந்தப் புத்தகத்தைவிடப் புகழ்பெற்றுவிட்டது. ஒரு நூல் விமர்சனம் ஒரு துறையின் திசையையே திருப்பியதற்கு அதைப் போல உதாரணம் குறைவு. விமர்சனம் எழுதுகிற எவனுக்கும் அதில் ஒரு ரகசியப் பெருமை இருக்கும். சாம்ஸ்கியின் வாதத்தைச் சுருக்கினால்: குழந்தை தான் ஒருபோதும் கேட்டிராத வாக்கியங்களைச் சொல்கிறது. பரிசு கொடுத்து அதை விளக்க முடியாது.

அறுபது வருடம் ஆயிற்று. மொழியியலில் தோற்ற கோட்பாடு, மொழி கற்றுக்கொடுக்கும் மென்பொருளில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. படம், சொல், தொடு, நட்சத்திரம்.

*

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். இப்படிப்பட்ட மென்பொருள்களில் பல, 'பேயேசியன் நாலெட்ஜ் டிரேசிங்' என்ற முறையையோ அதன் பேரப்பிள்ளைகளையோ பயன்படுத்துகின்றன. 1990களின் நடுவில் கார்பெட், ஆண்டர்சன் என்ற இருவர் எழுதியது. அதன் அழகு அதன் சிக்கனம். ஒரு குழந்தைக்கு ஒரு திறன் தெரியுமா தெரியாதா என்பதை நான்கு எண்களில் பிடித்துவிடலாம். ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு, ஒவ்வொரு முயற்சியிலும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு, தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லும் வாய்ப்பு எவ்வளவு, தெரிந்தும் கை தவறும் வாய்ப்பு எவ்வளவு. முதல் தடவை படித்தபோது, ஒரு எஞ்சினியராக, எனக்குக் கைதட்டத் தோன்றியது.

இந்த நான்கு எண்ணில் 'அண்ணனா தம்பியா' எங்கே வரும்? அது தெரியாமை இல்லை. கை தவறியதும் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரு மொழியின் வழியாக இன்னொரு மொழியிடம் போய் ஒரு குழந்தை கேட்ட கேள்வி அது. மாடலில் அதற்குக் கட்டம் இல்லை.

அந்த மாதங்களில் மகள் "டு மீ ஹங்ரி" என்று சொல்வாள். "புட் த லைட்" என்பாள். முதலாவதில் 'எனக்குப் பசிக்குது' அப்படியே உட்கார்ந்திருக்கிறது: தமிழில் பசிக்கிற ஆள் எழுவாய் இல்லை, அவருக்குப் பசி வந்து சேர்கிறது. நான்காம் வேற்றுமை. இரண்டாவதில் 'லைட்டைப் போடு'. பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967இலேயே, கற்பவரின் பிழை குப்பை இல்லை, அவர் மனதில் எந்த இலக்கணம் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கான சாட்சி என்று எழுதிவிட்டார். 1972இல் லாரி செலிங்கர் அந்த இடைப்பட்ட இலக்கணத்துக்கு 'இன்டர்லேங்குவேஜ்' என்று பெயரே வைத்தார். இரண்டு கரைக்கும் நடுவில் ஒரு பாலம் கட்டுகிறவரைப் பார்த்து, நீ இன்னும் அந்தக் கரையில் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் டேப்லெட்.

அப்புறம் மௌனம். புது மொழிக்குள் வந்து விழும் குழந்தைகளில் பலர் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், வாயே திறக்க மாட்டார்கள். காது மட்டும் வேலை செய்யும். அனுபவமுள்ள ஆசிரியர்கள் இதை மௌனக் காலம் என்று சொல்லி விட்டுவிடுவார்கள், துரத்த மாட்டார்கள். மென்பொருளுக்கு மௌனம் என்றால் டைம்அவுட்.

டைம்அவுட் எனக்குப் புதுசு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு எஞ்சினியரிங் காலேஜுக்குப் போனவன் நான். முதல் செமஸ்டர் வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் டிரான்ஸ்ஃபார்மர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். மின்தூண்டல், முதன்மைச் சுருள், துணைச்சுருள் எல்லாம் தலைக்குள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. வாய் வரை எதுவும் வரவில்லை. பத்து விநாடி இருக்கும். "நெக்ஸ்ட்" என்றார். எனக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தது ஹாஸ்டல். ரூமில் இருந்த சேலத்துக்காரன் ஒருவன், நான் தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வான், தப்பாகத்தான் சொல்வான். அந்தத் தப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது.

*

மகளின் மென்பொருளில் தாய்மொழி உதவி இல்லாமல் இல்லை. வீட்டு மொழி என்று ஒரு பட்டியல், அதில் தமிழும் இருந்தது. சந்தோஷமாகத் தேர்ந்தெடுத்தேன். உடனே ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பதைப் போல, "சரியான விடையைத் தேர்ந்தெடுக்கவும்" என்றது. கீழே அதே வாக்கியம் எழுத்திலும் வந்தது. மகள் கேட்டாள்: "அப்பா, விடைன்னா என்ன?"

ஆறு வயசு. தமிழ் பேசுவாள், அ ஆ கூட எழுதத் தெரியாது. வீட்டில் நாங்கள் 'ஆன்சர்' என்போம், 'பதில்' என்போம், விடை என்று யார் சொல்கிறார்கள்? பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் நடுவில் இருக்கும் தூரம் தெரியாத ஒருவர், பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்து, தமிழ் முடிந்தது என்று டிக் போட்டிருக்கிறார். நானும் இப்படி டிக் போட்டிருக்கிறேன். போர்ச்சுகீஸ் மொழியில், யார் வீட்டுக் குழந்தையோ.

ஜிம் கம்மின்ஸ் என்ற கனடிய ஆய்வாளர் 1979இல் முன்வைத்த ஒரு பிரிவினை இந்தத் துறையில் எல்லோர் வாயிலும் வரும். விளையாட்டு மைதானத்தில் சண்டை போடத் தேவையான மொழி வேறு, பாடப்புத்தகத்தில் காரண காரியம் எழுதத் தேவையான மொழி வேறு. முதலாவது சுமார் 2 வருடத்தில் வந்துவிடும். இரண்டாவதற்கு 5 முதல் 7 வருடம். இந்தப் பிரிவினை ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று அவரை விமர்சித்தவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் கால அளவு முக்கியம். இங்கிலாந்தில் பள்ளி நிதிச் சூத்திரத்தில் ஈஏஎல் மாணவருக்கான பணம், அவர் அரசுப் பள்ளி அமைப்புக்குள் வந்த முதல் 3 வருடங்களுக்கு மட்டும். குழந்தை சரளமாகப் பேச ஆரம்பிக்கும், எல்லோரும் நிம்மதியாவார்கள், பணம் நிற்கும். கஷ்டமான பாதி அப்போதுதான் தொடங்கும். முன்பு சிறுபான்மையினரின் கல்விக்கு என்றே ஒதுக்கி வைத்த தனி மானியம் ஒன்று இருந்தது. 2011இல் அதைப் பொதுப் பணத்தோடு கலந்துவிட்டார்கள். ஈஏஎல் ஆசிரியர்கள் காணாமல் போனதற்கும் டேப்லெட்டுகள் வந்து சேர்ந்ததற்கும் இந்த வருடங்களுக்கும் தொடர்பே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

*

இந்தக் கதையில் எனக்கு மிகவும் கனமாகத் தெரிவது கால்டர்டேல்.

மேற்கு யார்க்‌ஷயரில், ஹாலிஃபாக்ஸ் நகரத்தைச் சுற்றிய பகுதி. கம்பளி ஆலைகளுக்கு வேலைக்கு வந்த பாகிஸ்தானியக் குடும்பங்கள் நிறைய. அங்கே உள்ளூர்க் கல்வி நிர்வாகம் ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு தேர்வு வைப்பார்கள். தேறாதவர்கள் சாதாரணப் பள்ளிக்குப் போக முடியாது, தனி மொழி மையத்துக்குப் போக வேண்டும். நல்லெண்ணம்தான். மொழி வரட்டும், அப்புறம் பாடத்துக்கு வரலாம். ஆனால் அந்த மையங்களில் மற்ற பாடங்கள் முழுதாகக் கிடையாது, ஆங்கிலம் பேசும் சக வயதுப் பிள்ளைகள் கிடையாது. ஆங்கிலம் வருவதற்காக, ஆங்கிலம் பேசுகிறவர்களிடமிருந்து பிரித்து வைத்திருந்தார்கள்.

இன சமத்துவ ஆணையம் இதை விசாரித்து 1986இல் அறிக்கை கொடுத்தது. இது மறைமுக இனப் பாகுபாடு, 1976 சட்டத்துக்கு விரோதம் என்பது அதன் முடிவு. அதற்கு முந்தைய வருடமே ஸ்வான் குழுவின் அறிக்கையும் இதே திசையில் பேசியிருந்தது: மொழித் தேவையைப் பொது வகுப்பறைக்குள் வைத்தே கவனிக்க வேண்டும். அதன் பிறகுதான் தனி மையங்கள் கலைந்தன. மொழி ஆசிரியர் வகுப்பு ஆசிரியரோடு சேர்ந்து, ஒரே அறையில், ஒரே பாடத்தைத் திட்டமிட்டு நடத்தும் முறைக்கு மதிப்பு வந்தது. அந்த அறைக்குள் போய் உட்காரும் உரிமைக்காகத் தெருவிலும் அலுவலகங்களிலும் நின்றவர்கள் இருந்தார்கள்.

ஜன்னலோர மேஜைக்குத் திரும்பி வருகிறேன். மூன்று குழந்தைகள், அதே அறை, அதே கூரை. பதிவேட்டில் பொது வகுப்பறை. காதில் ஹெட்போன் ஏறியதும் கால்டர்டேல். சுவர் கட்ட வேண்டியதில்லை, பஸ் விட வேண்டியதில்லை, தேர்வு வைப்பதுகூட வேண்டியதில்லை. தேர்வு உள்ளேயே, ஒவ்வொரு தொடுகையிலும் நடந்துகொண்டிருக்கிறது. சட்டத்தின்படி இதுவும் அதுவும் ஒன்று என்று சொல்லவில்லை. குழந்தையின் காதுக்கு ஒன்று என்று சொல்கிறேன்.

*

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். என் மனைவி இதைப் படிப்பாள், அவள்தான் மறுபக்கம். "அந்த டீச்சருக்கு முப்பது பிள்ளைங்க. உன் பொண்ணு பக்கத்துல உக்காந்து நாலாம் வேற்றுமை ரசிக்க அவங்களுக்கு ஏது நேரம்?" என்று அன்றைக்கே கேட்டாள்.

உண்மை. தனிப்பயன் கற்றலுக்கு ஆதரவாக எல்லோரும் காட்டும் ஆதாரமும் அங்கிருந்துதான் வருகிறது. 1984இல் பெஞ்சமின் புளூம், ஒருவருக்கு ஒருவர் என்று சொல்லிக்கொடுத்தால் சராசரி மாணவர் வகுப்பில் 98 சதவீதம் பேரைத் தாண்டிவிடுவார் என்று எழுதினார். முப்பது பேருக்கு முப்பது ஆசிரியர் முடியாதே, அப்புறம் என்ன செய்வது என்பதுதான் அவருடைய புதிர். 2011இல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மனிதர் கொடுக்கும் தனிப்பயிற்சியின் விளைவு புளூம் சொன்னதில் பாதிகூட இல்லை, 0.79தான். ஆச்சரியம் என்னவென்றால், படிப்படியாக வழிகாட்டும் மென்பொருள் 0.76 என்று கிட்டத்தட்ட அதைத் தொட்டிருந்தது. இதை மறைத்தால் நான் நேர்மையானவன் இல்லை. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் இயற்பியல், கணிதம் மாதிரியான பாடங்கள். பின்னங்களைக் கூட்டுவதற்கு எதிரில் இன்னொரு ஆள் வேண்டியதில்லை. 'பின்னங்களைக் கூட்டு' என்பதை யாரிடமாவது கேட்பதற்கு வேண்டும்.

முதல் வாரத்தில் மகள் டாய்லெட் போக வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் பாவாடையை நனைத்துக்கொண்டு வந்தாள். மொழிபெயர்ப்புச் செயலி ஒன்று அன்று கையில் இருந்திருந்தால் அந்த அவமானம் இருந்திருக்காது. அரபி மட்டும் தெரிந்து பதினான்கு வயதில் வந்து சேரும் பையனுக்கு, வேதியியல் பாடத்தை அரபியில் படித்துவிட்டு வகுப்புக்கு வர ஒரு கருவி இருந்தால் அது பெரிய விஷயம். கருவி வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. அது குழந்தையை மற்றவர்கள் பக்கம் தள்ளுகிறதா, அவர்களிடமிருந்து பிரிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஷியாலு குவோ ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல் 2007இல் வந்தது: 'எ கன்சைஸ் சைனீஸ்-இங்கிலிஷ் டிக்‌ஷனரி ஃபார் லவர்ஸ்'. சீனாவிலிருந்து லண்டனுக்கு ஆங்கிலம் படிக்க வரும் பெண்ணின் கதை. அவள் பெயரைச் சொல்ல முடியாமல் எல்லோரும் இசட் என்று கூப்பிடுகிறார்கள். நாவல் உடைந்த ஆங்கிலத்தில் தொடங்கி, பக்கம் போகப் போகத் தேறுகிறது. அத்தியாயங்களின் தலையில் அகராதிச் சொற்கள். கையில் எப்போதும் ஒரு கையடக்க அகராதி, அதாவது அந்தக் காலத்துத் தனிப்பயன் கருவி. ஆனால் அவள் ஆங்கிலம் அகராதியால் தேறுவதில்லை. காதலனோடு சண்டை போட்டுத் தேறுகிறது. அகராதி சொன்ன அர்த்தத்துக்கும் அவன் சொன்ன அர்த்தத்துக்கும் நடுவில் அவள் விழுந்து எழுந்து அடிபட்டுக் கற்றுக்கொள்கிறாள். மொழி தேறத் தேற காதல் தேய்வதுதான் நாவலின் கசப்பு. தேர்ச்சி வரைபடம் மேலே ஏறும்போது வாழ்க்கையில் என்ன இறங்குகிறது என்று எந்த டேஷ்போர்டும் காட்டாது. வாட்டர்ஸின் புத்தகத்தில் நான் தேடிக் கிடைக்காத குழந்தை, கொஞ்சம் வளர்ந்து, இந்த நாவலில் இருந்தாள்.

இன்னொன்று, சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். தனிப்பயனாக்கத்துக்குத் தரவு வேண்டும். 2016இல் இங்கிலாந்துப் பள்ளிக் கணக்கெடுப்பில் மாணவரின் ஆங்கிலத் தேர்ச்சியோடு குடியுரிமையும் பிறந்த நாடும் கேட்க ஆரம்பித்தார்கள். மாணவர் விவரங்கள் குடியேற்றத்தைக் கவனிக்கும் உள்துறைக்குப் போவதற்கு ஓர் ஒப்பந்தமே இருந்தது என்பது அந்த வருடமே வெளிவந்தது. பெற்றோர்கள் புறக்கணிப்பு நடத்தினார்கள். 2018இல் குடியுரிமைக் கேள்வியை நிறுத்திவிட்டார்கள். தேர்ச்சிக் கேள்வியையும் அதே வருடம் எடுத்துவிட்டார்கள், உண்மையில் ஆசிரியர்களுக்குப் பயன்பட்டது அதுதான். என் மகளின் மௌனங்கள் எல்லாம் எந்த சர்வரில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. அந்த வேலையில் இருக்கிறவன், நானே அனுமதிப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

*

அந்தப் பள்ளியில் வாரம் இரண்டு நாள் ஒரு ஈஏஎல் டீச்சர் வருவார். வயதானவர், தலைமுடியைப் பென்சிலால் முடிந்திருப்பார். இரண்டாவது முறை நான் போயிருந்தபோது அவர் இருந்தார். மகளையும் ருமேனியப் பையனையும் எதிரெதிராக உட்கார வைத்து நடுவில் ஒரு அட்டையை நிமிர்த்தி வைத்தார். இரண்டு பேரிடமும் ஒரே வீட்டின் படம், ஆனால் சாமான்கள் இடம் மாறியிருக்கும். எட்டிப் பார்க்கக் கூடாது. கேட்டுக் கேட்டே இரண்டு படத்தையும் ஒன்றாக்க வேண்டும். பேரியர் கேம் என்று பெயர், பழைய விளையாட்டு, ஒரு பைசா செலவில்லை.

"கேட் ஆன் ஹவுஸ்?" என்றாள் மகள்.

"நோ. கேட் அண்டர்."

"அண்டர் வாட்?"

அவனுக்கு 'டேபிள்' வரவில்லை. கையால் நான்கு கால் காட்டினான். அட்டைக்கு மேலே கை தெரிந்தது. அவள், "ஓ, டேபிள்!" என்று சொல்லிக் கொடுத்தாள். ஏழு வாரம் வாய் திறக்காத பிள்ளை இன்னொருவனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏன் இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தீர்கள், நன்றாகப் பேசுகிற பிள்ளையோடு விடலாமே என்று பிறகு டீச்சரிடம் கேட்டேன். நன்றாகப் பேசும் பிள்ளைகளோடு அடுத்த வாரம் விடுவாராம். இப்போதைக்கு, அவன் தப்பு செய்தால் இவள் சிரிப்பாள், சிரித்தால் பேசுவாள், அதைக் கவனித்திருக்கிறேன் என்றார். அவர் கையில் டேஷ்போர்டு எதுவும் இல்லை. ஒரு நோட்டு இருந்தது, அதையும் திறக்கவில்லை.

அடுத்த கல்வியாண்டில் அவருடைய இரண்டு நாள் ஒரு நாளானது. டேப்லெட்டுகள் மூன்றிலிருந்து பத்தாயின. பெற்றோர் கூட்டத்தில் இதை முன்னேற்றமாக அறிவித்தார்கள், நாங்களும் கைதட்டினோம். நான் எழுந்து ஏதாவது கேட்டிருக்கலாம். அந்த ஊரில், அந்த மொழியில், அத்தனை பேர் முன்னால், எனக்கும் பத்து விநாடி போதவில்லை.

மகள் இப்போது ஆங்கிலத்தில்தான் கனவு காண்கிறாள் என்று நினைக்கிறேன். தூக்கத்தில் உளறுவது ஆங்கிலத்தில் இருக்கிறது. ஊர் திரும்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பள்ளியிலிருந்து வந்து பையை வீசிவிட்டு, "வீ ஆர் கோயிங் டு த ஃபார்ம் ஆன் ஃப்ரைடே" என்றாள். நான் பழக்கதோஷத்தில் கேட்டேன்: "நாமளா, நாங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "இங்கிலீஷ்ல அது சொல்ல வேணாம்பா" என்றாள். அப்புறம் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "நாங்க. நீ வரலை" என்றாள்.